நாற்றுகள் இருட்டில் இருக்கும் நேரம்

கதவைச் சாத்தியாயிற்று. இனி மூன்று மணி நேரத்துக்கு யார் தட்டினாலும் திறக்கக்கூடாது, உள்ளேயிருந்து நானே தட்டினாலும் திறக்கக்கூடாது என்று என் ஆராய்ச்சி மாணவி நஸ்ரினிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மேலே ஒரே ஒரு சிவப்பு பல்பு, அதுவும் போட்டும் போடாத மாதிரி. அதன் கீழே தட்டுத் தட்டாக நெல் நாற்று, விரல் நீளத்துக்கு வளர்ந்தது. கொஞ்சம் முன்னால்தான் இவற்றை யூவி விளக்குக்கு அடியில் வைத்து வதைத்தோம். விளக்கை நஸ்ரின்தான் போட்டாள், "நீங்க வெளிய நில்லுங்கக்கா, வயித்துல இருக்கறப்ப எதுக்கு" என்று தோளைப் பிடித்து என்னைத் தள்ளிவிட்டாள். போய் நின்றேன். வயிற்றில் இருப்பதற்கு நாலாவது மாதம். சென்னையில் ஊசி போட்டு அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், முடிவு இன்றைக்குச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள், மாமா நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம், அவருக்கு வந்தால் அவர் எனக்குக் கூப்பிடுவார். மாமா என்றால் என் வீட்டுக்காரர். என் போன் வெளியே நஸ்ரின் மேசையில் கிடக்கிறது. இந்த அறைக்குள் போன் கொண்டுவரக்கூடாது, திரையின் நீல வெளிச்சம் இந்த நாற்றுகளுக்குப் போதும், அது பட்டால் தம்மைத் தாமே சரிபண்ணிக்கொள்ள ஆரம்பித்துவிடும், அப்புறம் இருட்டில் எவ்வளவு சேதம் தங்குகிறது என்று நான் எதை அளப்பது. இந்த வேலையை வேறு நாளைக்கு வைத்திருக்கலாம். நேற்று மாமா அதைத்தான் கேட்டார், "நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்ல இரேன் மங்கை, சேந்து இருப்போம்." நாற்று தயாராயிடுச்சு மாமா, ஒரு நாள் தள்ளினா முத்திடும் என்றேன். முத்தாது. ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அவர் மெயின்கார்டு கேட் பக்கம் லைட் கடை வைத்திருக்கிறவர்.

முதல் தட்டில் இலை நறுக்க வேண்டும். கத்தரிக்கோல் இடது பக்கம், குப்பி வலது பக்கம், எல்லாம் தடவித்தான். நறுக்கிப் போட்டு, குப்பியை ஐஸ் பெட்டியில் அமுக்கினேன், விரல் நுனி மரத்துப்போனது, அது நன்றாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். யூவி பட்ட இலைக்குள் டிஎன்ஏயில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஜிப்பில் இரண்டு பல் ஒட்டிக்கொண்ட மாதிரி, அதற்கு மேல் நகராது. அதைப் பிரிக்கச் செடியிடம் ஒரு நொதி இருக்கிறது, ஃபோட்டோலையேஸ். அது இருட்டிலேயே தேடிப் போய் ஒட்டின இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆனால் ஒன்றும் செய்யாது, செய்ய முடியாது. வெளிச்சம் வர வேண்டும். நீல வெளிச்சம் துளி பட்டால் போதும், இரண்டையும் பிரித்துவிட்டு எழுந்து அடுத்த புண்ணுக்குப் போய்விடும். அடிப்பதும் வெயில், ஆற்றுவதும் வெயில், ஓடி ஒளிய முடியாத ஜென்மத்துக்கு வேறு என்ன வழி. இப்போது இந்தத் தட்டுகள் எல்லாவற்றிலும் அந்த நொதிகள் புண்ணைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கின்றன, நானும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். மீனுக்கு இருக்கிறது இந்த நொதி, தவளைக்கு இருக்கிறது, காக்காய்க்கு இருக்கிறது, கங்காருவுக்குக்கூட இருக்கிறது. மனுஷனுக்கு இல்லை. எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டோம். நம்மிடம் இருப்பது இன்னொரு வழி, பழுதான இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப் போடுவது, மெதுவான வேலை, ஆனால் வெளிச்சம் வேண்டாம். செடிக்கு அதுவும் உண்டு, இரண்டு வழியும் உண்டு, கொடுத்து வைத்தது. என் மகள் மிதுனாவுக்கு ஒரு வழியும் கிடையாது. அவளிடம் கங்காரு கதையைச் சொன்னது நான்தான், எதற்குச் சொன்னேனோ. "அப்ப நா கங்காருவா பொறந்திருந்தா வெயில்ல போலாமாம்மா" என்றாள். நான் போலாம் என்றேன். மாமா எழுந்து ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குதித்துக் காட்டினார், தொந்தி குலுங்க, கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து என்ன சார் சத்தம் என்று கேட்கிற வரைக்கும். மிது சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

மிதுவின் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, நாக்கில் நுழையாத பெயர், வீட்டில் யாரும் சொல்வதில்லை, வெயில் ஒத்துக்காது என்போம். கேட்கிறவர்கள் எங்களுக்கும்தான் ஒத்துக்காது, திருச்சி வெயில் யாருக்கு ஒத்துக்கும் என்று சிரிப்பார்கள், நாங்களும் சிரித்துவைப்போம். ஒன்றரை வயதில் மூக்கிலும் கன்னத்திலும் மிளகு தூவின மாதிரிப் புள்ளிகள் வந்தன. அழகாக இருக்கிறது என்றாள் எதிர்வீட்டுப் பெண். மிது கண் கூசிக் கூசி அழுதாள். ஒரு நாள் பால்கனியில் பல்லி பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதற்குத் தோல் கொப்பளித்துவிட்டது. டாக்டர் விளக்க ஆரம்பித்தபோது மாமா என்னைப் பார்த்தார், உனக்குத்தான் இதெல்லாம் புரியுமே என்கிற மாதிரி. எனக்குப் புரிந்தது. முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது, மீதி நேரம் முழுக்க டாக்டரின் மேசையில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் தூசி இருந்தது. அப்புறம் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் ஃபிலிம் ஒட்டினோம், மாமா கடையிலிருந்து ஒவ்வொரு பல்பாகக் கொண்டுவந்து யூவி மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்து மாட்டினார். வெயில் இறங்கினதும் எங்கள் வீட்டில் விடியும். செருப்பு, சைக்கிள், பூங்கா, பலூன்காரன், எல்லாம் அதற்கப்புறம்தான். பூங்காவில் மற்றக் குழந்தைகளை அம்மாக்கள் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்துக்கு நாங்கள் போய்ச் சேருவோம். கொஞ்ச நேரம் ஒன்றாக விளையாடுவார்கள், அதற்குள் ஹோம்வொர்க், சாப்பாடு, நாளைக்கு ஸ்கூல் என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊஞ்சல் காலியாகிவிடும். மாமா ஆட்டிவிடுவார். அவ்வளவு பார்த்துக்கொண்டும் போன வருஷம் கன்னத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று வெட்டி எடுத்தார்கள், கெட்ட கட்டி இல்லை, ஆனால் ஆகலாம் என்று. அந்தச் சின்ன முகத்தில் தையல் தழும்பு. இப்படிப் பிள்ளைகள் எத்தனை வயது வரைக்கும் என்று நான் டாக்டரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வெளிச்சம் பட்டால் சரியாகும் என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறேன், வீட்டுக்குப் போய்த் திரையை இழுத்து விடுகிறேன். பழகிவிட்டது.

கால் மரத்துப்போகிறது, மாற்றிப் போட்டுக்கொண்டேன். நான் படித்தவள். இதைச் சொல்லாதவர்கள் இல்லை. படிச்ச புள்ள, அதுவும் இதையே படிச்ச புள்ள. இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குப் பட்டாணிச் செடியின் பரம்பரைக் கணக்கு நடத்தினேன், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நாலு கட்டம் போட்டு, இந்தக் கட்டத்தில் மட்டும் இரண்டு சின்ன எழுத்தும் சேரும், நாலில் ஒன்று, எழுதிக்கோங்க. அதே வாரம் பத்திரிகை அச்சாகி வந்தது, மணமகன் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வகுப்பில் ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை, அவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் அத்தை மகனும் தாய்மாமனும் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சொன்னாள், "வெளிய குடுத்தா எப்படிப்பட்டவனோ, எந்தம்பின்னா உன்னக் கண்கலங்காம வச்சுக்குவான்." வைத்துக்கொண்டார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சொல்ல முடியாததுதான் எரிச்சல். குடிக்கிறவனாக, அடிக்கிறவனாக இருந்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக அழலாம். எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர், பிளஸ் டூ ரிசல்ட்டுக்குச் சைக்கிளில் கூட்டிப்போனவர், அப்போதெல்லாம் நீ வா போ என்றுதான் பேசுவேன், கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா அடுக்களைக்குக் கூப்பிட்டு "இனிமே நீங்கன்னு சொல்லு" என்றாள். ஒரு வார்த்தையில் மாற்றிவிட்டேன். மிதுவுக்கு என் அம்மா அம்மாச்சியும் ஆவாள், அத்தையும் ஆவாள். அவர் வழியாகப் போனாலும் என் வழியாகப் போனாலும் ஒரே தாத்தா வீட்டு வாசலில்தான் போய் முட்டும், அந்தச் சின்ன எழுத்தும் அப்படித்தான் இரண்டு வழியாக வந்து மிதுவிடம் சேர்ந்துகொண்டது. நெல்லுக்கு இது ஒன்றும் இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. நானும் நெல்லையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் போலிருக்கிறது. நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கு அம்மாவிடம் கத்த வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அவள் மிதுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்ததும் "என்னடி சொன்னாங்க" என்றாள், நான் வெயில்ல விடக்கூடாதாம் என்றேன், "சரி, விட வேணாம்" என்று அடுத்த வாய் ஊட்டினாள். கத்தவில்லை. அப்புறமும் கத்தவில்லை. எங்கே வைத்தேன் அந்தக் கத்தலை என்று தெரியவில்லை.

டைமர் மணி அடித்தது. இரண்டாவது தடவை நறுக்கினேன், குப்பி, ஐஸ். நாலில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதுக்கு வராது என்று மாமா கடைப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னாராம், மாமா அதைச் சந்தோஷமாக வந்து சொன்னார். அப்படி இல்லை மாமா, ஒவ்வொரு தடவையும் புதுசா நாலில் ஒன்னு என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது, சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்தப் பிள்ளை எதிர்பாராமல் வந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, நாள் போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் சென்னைக்கு ரயிலேறினோம். ஊசி போடும்போது திரையில் அது தெரிந்தது, கையை ஆட்டிக்கொண்டு. நான் டாக்டர் கையைப் பார்த்தேன், மாமா திரையைப் பார்த்தார். திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டினதும் "ஒருவேள மிது மாதிரின்னு வந்துட்டா..." என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். காபிக்காரன் வந்தான். காபி வாங்கினோம். அந்த வாக்கியம் அதோடு நிற்கிறது, விழுப்புரத்தில் முடிக்கவில்லை, அரியலூரில் முடிக்கவில்லை, வீட்டுக்கு வந்தும் முடிக்கவில்லை. முடிக்க இரண்டே வழிதான். வைத்துக்கொள்வோம். வேண்டாம். வைத்துக்கொண்டால் இன்னொரு முகத்தில் தையல், இன்னொரு ஜோடிக் கண், ஆஸ்பத்திரியில் இன்னொரு டோக்கன், தெரிந்தே. தெரியாமல் பெற்றதற்கு ஒரு மன்னிப்பு உண்டு, தெரிந்து பெற்றால் அந்தப் பிள்ளை வளர்ந்து கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது. வேண்டாம் என்றால், மிது மாதிரி இருந்ததால் வேண்டாம் என்றால், அது மிதுவிடம் என்ன சொன்னதாகும். உன்னைப் பற்றி முன்னாலேயே தெரிந்திருந்தால் உன்னையும் என்று சொன்னதாகும். அவள் என்றைக்கும் தெரிந்துகொள்ளப்போவதில்லை என்று வைத்துக்கொள், எனக்குத் தெரியுமே, அவளுக்குத் தலை பின்னும்போது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்குமே. இதற்கு மேல் நினைப்பு போவதில்லை, இங்கே வந்து நின்றுவிடுகிறது, திரும்ப ரயிலில் ஏறி அந்தக் காபிக்காரனிடம் போய்விடுகிறது.

செடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வேர் நுனியில் தாய்ச்செல்கள் கொஞ்சம்தான் இருக்கும், வேர் முழுக்க அவற்றிலிருந்துதான் வளர வேண்டும். அவற்றின் டிஎன்ஏ சரிபண்ண முடியாத அளவுக்கு உடைந்துவிட்டால் ஒட்டுப் போட்டுக்கொண்டு நேரம் கடத்தாது, அந்தச் செல்கள் தாமாகவே செத்துவிடும். பழுதை அடுத்ததுக்கு விடாது. பக்கத்தில் சும்மா இருக்கிற செல் ஒன்று விழித்துக்கொண்டு அந்த இடத்தை நிரப்பும், வேர் வளர்ந்துகொண்டே போகும். இதைப் படம் போட்டு எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன், செடி இரக்கம் பார்க்காதும்மா என்று ஒரு வாசகம் வேறு வைத்திருந்தேன், பிள்ளைகள் அதைக் குறித்துக்கொள்வார்கள். செடிக்கென்ன, அதற்கு ஒரு மிது இல்லை. செத்த செல்லுக்குப் பக்கத்துச் செல் பேர் வைத்திருக்காது, சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்காது. அடுத்த தடவை அந்த வாசகத்தை விட்டுவிட வேண்டும். கழுத்துக்குப் பின்னால் வேர்க்கிறது, இந்த அறையில் காற்றே இல்லை, ஏசி சத்தம் மட்டும் வருகிறது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை, அசையும் நாள் இன்னும் வரவில்லை. அசைவதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் நல்லது என்று சென்னையில் ஒரு நர்ஸ் சொன்னாள், நல்ல மனசோடுதான் சொன்னாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பக்கத்து வீட்டு டிவி சத்தம் மாதிரி எங்கேயோ கேட்கிறது, என் வீட்டுக்குள் இல்லை.

வெளியே போன் அடிக்கிறது. என்னுடையதுதான். மிது வைத்துக்கொடுத்த ஓசை, தவளை கத்துகிற மாதிரி ஒன்று, கூட்டத்தில் அடித்தால் மானம் போகும், மாற்ற விடமாட்டாள். கத்திக் கத்தி நின்றது. நஸ்ரின் கதவருகே வந்து "மங்கைக்கா, அண்ணன் கூப்பிடுறாங்க, எடுக்கவா" என்றாள். எடுக்காதே என்றேன். "முக்கியமா இருக்கப்போவுதுக்கா." மூணாவது நறுக்கு பாக்கி இருக்கு நஸ்ரின், முடிச்சுட்டு நானே பேசறேன் என்றேன், பேராசிரியர் குரலில், அந்தக் குரலுக்கு அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். திரும்பத் தவளை. இரண்டாம் தடவை உடனே கூப்பிட்டால் நல்ல செய்தி, நல்ல செய்தி என்றால் அவரால் அடக்கிக்கொள்ள முடியாது, இல்லை, கெட்ட செய்தி என்றாலும் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியாது, ஆளே அப்படி. எடுக்கவில்லை என்றதும் மெசேஜ் போடுவார். போட்டால் டிங் என்று கேட்கும். கேட்கவில்லை. மெசேஜில் சொல்லமுடியாத விஷயம் என்று அர்த்தம். நல்லதை மெசேஜில் சொல்லலாமே, ஒரு வார்த்தை போதுமே. அப்படியானால் அதுதான். கையைப் பார்த்தேன், சிவப்பு வெளிச்சத்தில் யாரோ கழற்றி வைத்த கையுறை மாதிரி மடியில் கிடந்தது. எழுந்து கதவைத் திறந்தால் ஆயிற்று. திறந்தால் வராந்தா வெளிச்சம் உள்ளே விழும், நாற்றெல்லாம் பிழைத்துக்கொள்ளும், மூன்று வாரம் மறுபடி முதலிலிருந்து. யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம், நல்ல காரணம். நாற்று இல்லாவிட்டாலும் திறந்திருக்கமாட்டேன் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை இரண்டில் எதுவும் இன்னும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நடக்காமல் இருக்கட்டும். தவளை நின்றுவிட்டது, அப்புறம் ரொம்ப நேரம் அடிக்கவில்லை, அடிக்காததும் தாங்கவில்லை.

ஸ்டூலிலேயே கண்ணை மூடியிருப்பேன் போல. கதவுக்கு வெளியே காலடி, நஸ்ரின் யாரிடமோ அடங்கின குரலில் பேசுவது, நாற்காலி இழுபடுவது. "அக்கா, அண்ணனே நேர்ல வந்துட்டாங்க" என்றாள். அவள் நகர்ந்து போகிற சத்தம் கேட்டது, நல்ல பிள்ளை. கதவில் கை படுகிற சத்தம், தட்டவில்லை, சும்மா வைத்த சத்தம்.

"மங்கை."

"சொல்லுங்க மாமா."

"கதவத் திறயேன்."

"திறக்க முடியாது மாமா. செடிங்க இருட்டுல இருக்கு."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது, மூன்று மாடியும் படியேறி வந்திருக்கிறார். லிஃப்ட் இருக்கிறது, அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கு உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை, ஸ்டூல் இருப்பது தெரியவில்லை, கதவின் அடியில் இடுக்கு அடைத்த கறுப்புத் துணி மட்டும் தெரிந்தது.

"இல்லடி" என்றார். எதற்கு இல்லை என்று எனக்குப் புரியவில்லை. "மிது மாதிரி இல்ல. ஒரு பக்கம் மட்டுந்தான் கோளாறாம், ஒனக்கும் எனக்கும் இருக்கற மாதிரி. அதால ஒன்னும் ஆகாதாம். வெயிலு ஒன்னும் செய்யாதாம், டாக்டரம்மா ரெண்டு தடவ சொன்னாங்க. நல்லாருக்குடி புள்ள."

"சரி" என்றேன்.

"மங்கை, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா. சரி."

அவர் அழுதார். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுகிறார் என்பது மரம் அதிர்வதில் தெரிந்தது. நாற்பத்தைந்து வயது ஆள், வராந்தாவில், போகிறவர் வருகிறவர் பார்க்க. நான் சந்தோஷத்துக்குக் காத்திருந்தேன். வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். அந்த வாக்கியத்தை இனி முடிக்க வேண்டியதில்லை, அந்தக் காபிக்காரன் இனி வரமாட்டான், மிதுவின் தலையைப் பின்னும்போது நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று ஒவ்வொன்றாக எனக்கே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரிதான், எல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. நாற்று அப்படியே நின்றது.

"மிது பேசணுங்கிறா" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒனக்கு அடிச்சேன், எடுக்கல, அதான் வீட்டுக்கு அடிச்சு ஒங்கம்மாகிட்டச் சொன்னேன், மிது பக்கத்துல இருந்து கேட்டுட்டா. லைன்லயேதான் இருக்கா. ஸ்பீக்கர்ல போடறேன்."

போன் கதவில் உரசியது. வீட்டு ஃபேன் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் அவள்.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"பாப்பாவுக்கு வெயில் ஒன்னும் பண்ணாதாமே."

"ஆமாடா. ஒன்னும் பண்ணாதாம்."

"பகல்ல வெளிய போலாமா?"

"போலாம்."

"ஸ்கூலுக்கு?"

"ஸ்கூலுக்கும் போலாம்."

அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது, யோசிக்கும்போது பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடிப்பாள், அந்த ஈரச் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

"அப்ப அது ராத்திரி தூங்கிடும்ல" என்றாள்.

இந்த இரண்டு வாரமாக எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். கெட்ட செய்தி வந்தால் அவளிடம் என்ன சொல்வது, நல்ல செய்தி வந்தால் என்ன சொல்வது, பாப்பா வந்ததும் உன்னை விட்டுவிடமாட்டோம், அப்பா உனக்குத்தான் முதலில் ஊஞ்சல் ஆட்டுவார், எல்லாம். இதற்கு இல்லை. பூங்காவில் பிள்ளைகள் கிளம்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன், மாமா பார்த்திருக்கிறார், அவள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளாக ஒருத்தி எங்கள் வீட்டுக்குள், எங்கள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, தன்னோடு சேர்ந்து விழித்திருக்க ஒரு ஆள் வருகிறது என்று இருந்திருக்கிறாள். நானும் மாமாவும் எது வரக்கூடாது என்று ஒவ்வொரு ராத்திரியும் வேண்டிக்கொண்டோமோ அதைத்தான் அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஆமாடா" என்றேன். "தூங்கிடும்."

"சரிம்மா" என்றாள்.

அந்தச் சரியை எனக்குத் தெரியும். ஏறாமல் இறங்காமல், மேலே எதுவும் கேட்காமல், இஸ்திரி போட்ட துணியாட்டம் ஒரு சரி. அது மாமாவுடையது இல்லை, அவருக்கு அப்படிச் சொல்லவே வராது. கொஞ்சம் முன்னால் இதே கதவு வழியாக நான் சொன்னது. எத்தனை வருஷமாக அவள் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ, எட்டு வயதில் அவளுக்குப் பிசிறில்லாமல் வந்துவிட்டது. முதல் தடவையாகப் பயம் பக்கத்து வீட்டில் இல்லாமல் இங்கேயே கேட்டது.

"மிது" என்றேன். "சரின்னு சொல்லாதடா. ஒனக்குக் கஷ்டமா இருந்தா கஷ்டமா இருக்குன்னு சொல்லு. அழணும்னா அழு. அம்மா ஒன்னும் சொல்லமாட்டேன்."

"நீங்க மட்டும் அழமாட்டீங்க" என்றாள். கோபம் கூட இல்லை. "ஆஸ்பத்திரில எனக்குத் தச்சப்பக்கூட அப்பாதான் அழுதாங்க. நீங்க சொவத்தப் பாத்துட்டு நின்னீங்க."

அவளிடம் என்னவோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இல்லடா, எனக்கும் அழுகை வந்துச்சு, அம்மா அடக்கிக்கிட்டேன் என்று சொல்லலாம், அது பொய், வரவே இல்லை. இருமல் வருகிறது என்று நினைத்தேன். இருமல் இல்லை. அசிங்கமான சத்தமாக வந்தது, மாடு கத்துகிற மாதிரி, எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதேன், மூக்கிலும் வாயிலும் ஒழுக, நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. "மங்கை, மங்கை, என்னாச்சுடி" என்று மாமா கதவைத் தட்டுகிறார், "அக்கா" என்று நஸ்ரின் ஓடி வருகிறாள். அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் ஸ்பீக்கரில் "அம்மா" என்று ஒரு தடவை கேட்டது, கொஞ்சம் கழித்து மிதுவும் அழ ஆரம்பித்தாள், பெரிய குரலெடுத்து.